டோக்கன் இல்லாத விரால்

மூணு தடவை எட்டிப் பார்த்துட்டீங்க. பஸ்ஸு குலுங்கறதுல கழுத்து சுளுக்கிக்கும், என் பனியன்ல எழுதியிருக்கறதை நானே படிச்சுச் சொல்லிடறனுங்க. 'காராச்சி அணை விரால் தூண்டில் சங்கம்.' அதுக்குக் கீழ பொடி எழுத்துல, 'தலைவர்.' பொடி எழுத்துல போடச் சொன்னது நான்தான். பெருசாப் போட்டா தலைக்கனம்னு சொல்லுவானுங்க. மத்த எல்லாருக்கும் பனியன் முதுகுல எழுத்து, எனக்கு மட்டும் நெஞ்சுல. அது அச்சடிக்கறவனாப் பார்த்துப் பண்ணுனது. நான் ஒருக்காத்தான் சொன்னேன்.

சன்னலோரம் வேணும்னா மாறி ஒக்காந்துக்குங்க. வேண்டாமுங்களா? போச்சாது, இருக்கட்டும்.

சிரிக்கறீங்க பாருங்க. தூண்டில் போடறதுக்கு ஒரு சங்கமான்னுதானே? சிரிங்க, எங்க ஊட்டுல தெனமும் நடக்கறதுதான். சங்கம் ஆரம்பிச்ச புதுசுல நான் மீன் புடிக்கப் போறேன்னு கெளம்புனதும், எம் பொண்டாட்டி சம்பூரணம் மொளகு, சீரகம், சின்ன வெங்காயமெல்லாம் வதக்கி அரைச்சு வெச்சுட்டு ஒக்காந்திருந்தா. நான் பொழுதோட வெறுங்கையா வந்து, "ரெண்டு புடிச்சேன், ரெண்டையும் தண்ணியிலயே உட்டுட்டேன்"னேன். அவ அரைச்ச மசாலாவையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. "புடிச்சு உடறதுக்கு எதுக்குங்க அவ்வளவு தூரம் போகோணும்? ஊட்டுலயே படுத்திருந்தா அந்த மீனு தண்ணியிலயேதான இருந்திருக்கும்?"னா. அன்னையிலிருந்து அவகிட்ட நான் மீனைப் பத்திப் பேசறதில்லைங்க. வெளையாட்டுன்னா என்னன்னு தெரிஞ்சவங்ககிட்டத்தான் பேசோணும். உங்களைப் பார்த்தாத் தெரிஞ்சவராட்டம் இருக்குது.

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டறதுங்க. வருசமெல்லாம் எரிஞ்ச செம்புக் கம்பியைப் பார்த்துட்டு இருக்கறவனுக்கு ஞாயித்துக்கெழமை ஒரு நாள் தண்ணியைப் பார்க்கோணும்னு தோணாதுங்களா? அதுக்குத்தான் இது. மண்புழுவைக் கோத்துப் போட்டுட்டு மரத்தடியில பீடி வலிக்கற வேலைன்னு நெனச்சுறாதீங்க. இதுல புழுவே கிடையாது. ரப்பர் தவளை. உள்ளங்கையில அடங்கும். முதுகோட ஒட்டுன மாதிரி ரெண்டு முள்ளு படுத்திருக்கும், அல்லிக்கொடி மேல இழுத்துட்டு வந்தாலும் எலையில சிக்காது. அதைக் கொண்டுபோயி, எலைக்கும் எலைக்கும் நடுவுல சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சந்து இருக்கும் பாருங்க, அதுல வீசோணும். வீசுன ஒடனே இழுக்கக் கூடாது. தண்ணியில எழும்புன வட்டம் அடங்கற வரைக்கும் செவனேன்னு நிக்கோணும். அப்புறம் ரெண்டு சுண்டு, ஒரு நிறுத்தல். ரெண்டு சுண்டு, ஒரு நிறுத்தல். விரால் அடியில பார்த்துட்டே வரும். வந்து 'பொளக்'னு ஒண்ணு அடிக்கும். கை தானா இழுக்கப் பார்க்கும். இழுத்தீங்கன்னா தவளைதான் திரும்பி வரும். மனசுக்குள்ள ரெண்டு எண்ணோணும். ஒண்ணு... ரெண்டு... அது தவளையை வாங்கிட்டுத் திரும்புனதுக்கப்புறம்தான் வெட்டி இழுக்கோணும். அந்த ரெண்டு எண்ணற பொறுமை நூத்துல தொண்ணூறு பேருக்குக் கிடையாது. எனக்கு இருக்குது. மீனுகிட்ட மட்டும்தான் இருக்குதுன்னு சம்பூரணம் சொல்லுவா. அவ எதைத்தான் நல்லதாச் சொன்னா?

வருசத்துக்கு ஒருக்கா தை மாசம் போட்டி. ஆரு புடிச்ச மீனு நீளமோ அவனுக்குக் கப்பு. ஆனா மீனைக் கொல்லக் கூடாது. அளவுப் பலகைன்னு ஒண்ணு குடுத்திருப்போம். அதுல மீனைப் படுக்க வெச்சு, மூக்கு முன்கட்டையில முட்டோணும், வாய் மூடியிருக்கோணும், வாலை ரெண்டு வெரல்ல சேர்த்துப் புடிக்கோணும், பக்கத்துல டோக்கனை வெச்சு போன்ல ஒரு போட்டோ. எடுத்துட்டு மீனைத் தண்ணியில உட்டுறோணும். டோக்கன்னா ஒண்ணுமில்லைங்க, அன்னிக்கு வெடியால குலுக்கிப் போட்டு எடுக்கற நம்பர் அட்டை. வருசத்துக்கு ஒரு நெறம். கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கோணும். எதுக்குங்கறீங்க? மொத வருசம் ஒரு மகராசன் ஆறு மாசத்துக்கு முந்திப் புடிச்ச மீனோட போட்டோவைக் கொண்டாந்து காட்டிப்போட்டான். மீனு சிரிக்காத குறை. அதுக்கப்புறம்தான் நான் விதி எழுதுனேன். மொத்தம் முப்பத்தொண்ணு. கரண்டு போறப்ப எல்லாம் கடையில ஒக்காந்து எழுதுனது. அந்த வருசம் கரண்டு அதிகமாப் போகலை, அதனாலதான் முப்பத்தொண்ணோட நின்னுபோச்சு. அதுல ஏழாவது விதி, 'டோக்கன் இல்லாத படம் செல்லாது.'

அந்த ஏழாவது விதியிலதான் எங்க மாப்பளை மாட்டுனான்.

மாப்பளைன்னா எந் தங்கச்சி துளசிமணியைக் கட்டுனவன். மாரப்பன்னு பேரு. கருக்கம்பாளையத்துல ஆலை போட்டு வெல்லம் காய்ச்சறான். ரப்பர் தவளையைக் கையில குடுத்து வீசச் சொல்லிக் குடுத்ததே நான்தான். இப்ப அவன் என்னைவிட நல்லா வீசறான்னு நாலு பேர் சொல்றாங்க. நாலு பேரு நாலும் சொல்லுவாங்க.

மூணு வருசத்துக்கு முந்திங்க. போட்டி முடிய அரை மணி நேரம் இருக்கறப்ப மாரப்பன் ஒரு விரால் புடிச்சான். அம்பத்தி நாலு சென்டிமீட்டர். ஆனா போட்டோவுல டோக்கன் இல்லை. கேட்டா, மீனைத் தூக்கறப்ப அது துள்ளுன துள்ளுல கயிறு அந்து அட்டை தண்ணிக்குள்ள போயிருச்சுங்கறான். துளசிமணி அன்னிக்கு அவனுக்குச் சோத்துத் தூக்கு எடுத்துட்டு வந்திருந்தா. கூடவே வந்து மேசைக்கு முன்னால நின்னு, "அண்ணா, நான் பக்கத்துலதான் நின்னேன். கயிறு அந்ததையும் பார்த்தேன், மீனை அளந்ததையும் பார்த்தேன்"னா. எங்க செயலாளர் வெங்கிடுபதி ஒரு வழவழா கொழகொழா. "தங்கச்சியே பார்த்திருக்குது, ஒத்துக்கலாமுங்க தலைவரே"ன்னான்.

நான் மைக்கை வாங்கினனுங்க. தலைவர்னா அங்கதான் தலைவரா இருக்கோணும். "ஊட்டுக்காரி சாட்சி ஊட்டோட இருக்கட்டும். மனுசன் பொய் சொல்லுவான், டோக்கன் பொய் சொல்லாது"ன்னேன். எப்படி! எழுதி வெச்சுப் படிச்சாக்கூட அப்படி வராது. எரநூறு பேரு சிரிச்சுக் கை தட்டுனாங்க. துளசிமணி மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வெயிலுன்னு நெனச்சேன்.

கப்பு ஆருக்குக் கெடைச்சுதுன்னு கேக்கறீங்களா? அது எதுக்குங்க இப்ப. எனக்குத்தான். நாப்பத்தொம்பது சென்டிமீட்டர். டோக்கனோட.

அதுக்கப்புறம் பாருங்க, தங்கச்சி அம்மிணிக்குக் கோவம். தீவாளிக்கு வரலை. பொங்கலுக்கு வரலை. எங்கப்பன் தெவசத்துக்கு வந்தா, வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிட்டா. "உள்ள வா புள்ள, ஏன் வெளிய நிக்கறே?"ன்னு நானேதான் போயிக் கூப்பிட்டேன். "பொய்க்காரி மிதிச்சா உங்க ஊடு தாங்காதுண்ணா"ன்னா. என்னா வாயி! அப்படியே எங்கம்மா வாயி. நான் அவளைப் பொய்க்காரின்னா சொன்னேன்? பொதுவா, மனுசன் பொய் சொல்லுவான்னுதான சொன்னேன்? அவ மனுசி. கணக்குப் பண்ணிப் பாருங்க. ஆனா இதையெல்லாம் எடுத்துச் சொன்னா ஆரு கேக்கறாங்க?

மாரப்பன் மட்டும் போட்டிக்கு வருசம் தவறாம வருவான். கையெழுத்துப் போடுவான், டோக்கன் வாங்குவான், மீன் புடிப்பான், போயிருவான். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. டோக்கனை மட்டும் கழுத்துக் கயித்தோட சேர்த்துச் சட்டையில ஊசி போட்டுக் குத்தியிருப்பான். அதைப் பார்க்கறப்பெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலா வரும்.

சரி, இந்த வருசத்துக்கு வருவோம். அவங்களுக்கு ஒரே பொண்ணு, மேகலா. அவளுக்குக் கல்யாணம் கூடியிருக்குது. வர்ற ஞாயித்துக்கெழமை. நான் தாய்மாமனுங்க. எங்க பக்கம் மாமன் வந்து மாலை எடுத்துப் போட்டு, சீலை வெச்சுக் குடுத்து, கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போனாத்தான் அது கல்யாணம். அந்தப் புள்ளைக்கு மொத மொட்டை எடுத்தது எம் மடியில. காது குத்துனது எம் மடியில. ஆசாரி ஊசியை வெச்சதும் என் கட்டை வெரலைக் கடிச்சுப் புடிச்சுட்டா. இந்தா, தழும்பு இருக்குது பாருங்க. இருவத்தி மூணு வருசமாச்சு. நான் எதுக்கும் பயப்படற ஆளு இல்லைங்க, கரண்டுலயே கை வைக்கறவன். ஆனா கல்யாணம் கூடிருச்சுன்னு கேள்விப்பட்டு, ஒரு வாரமாகியும் அவங்ககிட்ட இருந்து ஒரு சேதியும் வரலைன்னதும், மாமன் இல்லாமயே நடத்திருவாங்களோன்னு பயந்துட்டேன். நெசமாப் பயந்துட்டேன்.

அந்த நெலையிலதான் போட்டி வந்துச்சு. வெடியால கரை மேல பார்க்கறேன், மாரப்பனோட கார் நிக்குது, பக்கத்துல துளசிமணி! மூணு வருசத்துல அந்தக் கரைப் பக்கம் எட்டிப் பார்க்காதவ, பட்டுச்சீலை கட்டிட்டு நிக்கறா. கார்ப் பின்சீட்டுல ஒரு பெரிய தாம்பாளம். வெத்தலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், மேல ஒரு பட்டுத்துணி மூடியிருக்குது. நான் என்ன நெனச்சேன்னா, பரிசளிப்புக்குத் தட்டு கொண்டாந்திருக்கறாங்க, சங்கத்து மேல பரவால்ல கொஞ்சம் பற்று இருக்குதுன்னு நெனச்சேன்.

நான் அல்லிக்கொடிப் பக்கம் எடம் புடிச்சேன். எனக்கு வலது கைப் பக்கம் இருவது அடி தள்ளி மாரப்பன். ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரும் பேசாம வீசிட்டே நின்னோம். இந்த டோக்கன் அட்டை இருக்குது பாருங்க, குனிஞ்சு வீசறப்பெல்லாம் முன்னால வந்து ரீலு மேல 'டப்பு டப்பு'ன்னு அடிக்கும். நான் கயித்தைத் திருப்பி முதுகுப் பக்கம் உட்டுக்கிட்டேன். மத்தவனுங்க அட்டையோட மல்லுக்கட்டிட்டு இருக்கறப்ப நான் ஃப்ரீயா வீசிட்டு இருந்தேன். அதைத்தானுங்க அனுபவம்ங்கறது.

ஒம்பதரை மணி இருக்கும். கொடிக்கு நடுவுல ஒரு குமிழி. விரால் மூச்சு வாங்க மேல வந்துட்டுப் போகும், அந்தக் குமிழி. அதைத் தாண்டி ரெண்டு அடி அக்கட்டால தவளையைப் போட்டேன். வட்டம் அடங்குச்சு. ரெண்டு சுண்டு, நிறுத்துனேன். ரெண்டு சுண்டு. எலையெல்லாம் ஒதுங்குச்சுங்க. அடிச்சுது பாருங்க ஒரு அடி, பக்கத்துல இருந்த கொக்கு எந்திரிச்சுப் போயிருச்சு. ஒண்ணு... ரெண்டு... வெட்டுனேன். கம்பு அரை வட்டமா வளைஞ்சு, கை மூட்டு கழண்டு போற மாதிரி இழுக்குது. ஒரே ஓட்டமா ஓடி அல்லித் தண்டுக்குள்ள புகுந்து சுத்திக்கிச்சு. நூலு அசையலை. போச்சு, இன்னும் ஒரு ஒதறு ஒதறுனா முள்ளு கழண்டுரும்னு நிக்கறேன்.

"மச்சான், கம்பை ஒசத்தியே புடிங்க. நூலைத் தளர உட்றாதீங்க."

மூணு வருசம் கழிச்சு மாரப்பன் எங்கிட்டப் பேசுன மொத வார்த்தை அது. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்! அவன் பாட்டுக்குக் கம்பைக் கீழ போட்டுட்டு இடுப்பளவு தண்ணியில எறங்கி, தண்டையெல்லாம் ஒவ்வொண்ணா ஒடிச்சு ஒதுக்கி உட்டான். பதினோராவது விதி என்னன்னா, அடுத்தவன் நூலைத் தொடக் கூடாது. அவன் நூலைத் தொடலைங்க, தண்டைத்தான் தொட்டான். விதியில தண்டைப் பத்தி ஒண்ணும் இல்லை. மீன் வெளிய வந்துருச்சு.

அறுபத்தி நாலு சென்டிமீட்டருங்க! அந்த அணையில அம்பத்தெட்டுக்கு மேல ஒருத்தனும் பார்த்ததில்லை. தொடை கனம். முதுகு கன்னங்கரேல்னு, வயிறு வெளுப்பா, கண்ணு என்னையே பார்க்குது. பலகையில படுக்க வெச்சேன். மூக்கு முட்டுது, வாய் மூடியிருக்குது, வாலைச் சேர்த்துப் புடிச்சேன். பதினோரு போட்டோ எடுத்தேன். அப்புறம் மீனோட என்னையும் சேர்த்து ஒண்ணு.

மாரப்பன் ஈரத்தோட கரையில நின்னுட்டு, "மச்சான், டோக்கன்"ங்கறான்.

எனக்குச் சுருக்னு ஆயிப்போச்சு. இத்தனை நல்ல நேரத்துலயும் அந்தப் பழைய கதையைக் குத்திக் காட்டறான் பாருங்க! "விதியை எழுதுனவன்கிட்டயே விதி பேசறியா மாப்பளை?"ன்னேன்.

"இல்லீங்க மச்சான், உங்க டோக்கன்..."

"தள்ளி நில்லு, மீனுக்கு மூச்சு முட்டுது."

அவன் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டான். நான் மீனை ரெண்டு கையில ஏந்தித் தண்ணியில உட்டேன். வாலை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிருச்சு. என் ஆயுசுல அப்படி ஒரு மீனை நான் புடிச்சதில்லைங்க. இனி புடிக்கவும் மாட்டேன்.

பன்னெண்டு மணிக்கு மேசைக்கு வந்து போனை நீட்டுனேன். வெங்கிடுபதி பார்த்தான். தள்ளித் தள்ளிப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுக்காவும் பார்த்தான். "தலைவரே... டோக்கன்?"னான். "இருக்கும் பாரு"ன்னேன். பன்னெண்டு போட்டோவுலயும் இல்லை. என்னையும் சேர்த்து எடுத்தேன்ல, அதுல கழுத்துல கயிறு மட்டும் ரெண்டு பக்கமும் அழகாத் தெரியுது. அட்டை முதுகுல தொங்குது. அப்ப நான் மேசைக்கு முன்னால நிக்கறப்பவும் அது முதுகுலதான் தொங்கிட்டு இருந்திருக்குது. பின்னால நின்ன அத்தனை பேரும் என் நம்பரைப் படிச்சுட்டு இருந்திருக்கறானுங்க.

அப்பத்தான் மாரப்பன் முன்னால வந்தான். பேண்ட்டெல்லாம் சேறு காஞ்சு போயிருக்குது. "நான் பக்கத்துல நின்னு பார்த்தனுங்க. அறுபத்தி நாலு. மச்சான் புடிச்ச மீனுதான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்"னான். சொல்லிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால துளசிமணி, கைல அந்தத் தாம்பாளத்தோட கரையில இருந்து எறங்கி வந்துட்டு இருக்கறா.

வெங்கிடுபதி என் காதுக்கிட்ட வந்து, "பேசாம ஒத்துக்குங்க தலைவரே. கப்பும் ஆச்சு, தங்கச்சியும் ஆச்சு. 'அன்னிக்கும் இப்படித்தான், நான்தான் அவசரப்பட்டுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்"னான்.

நீங்களே சொல்லுங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு வெய்ங்க. இன்னிக்கு மாரப்பன் சாட்சி செல்லும்னா அன்னிக்குத் துளசிமணி சாட்சி ஏன் செல்லலைன்னு கேப்பானுங்களா, இல்லையா? அப்ப எங்க ஊட்டு அலமாரியில இருக்கற கப்பு ஆரோடதுன்னு ஒரு கேள்வி வருமா, இல்லையா? எரநூறு பேரு முன்னால நான் மைக்குல சொன்ன ஒரு சொல்லு, அது என்ன ஆகறது? அதெல்லாம் வெங்கிடுபதிக்குத் தெரியாது. அவன் மளிகைக் கடை. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை கூட்டிக் கொறைச்சுப் போட்டே பழக்கம்.

மைக்கை வாங்கினேன். "சட்டம்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். சாட்சி அன்னிக்கும் செல்லாது, இன்னிக்கும் செல்லாது. இந்தப் போட்டியில இருந்து என்னை நானே நீக்கறேன்"னேன். அரிச்சந்திரன்கூடச் சுடுகாட்டுக்குப் போனதுக்கப்புறம்தானுங்க அவ்வளவு தூரம் போனான். கை தட்டட்டும்னு கொஞ்சம் நிறுத்துனேன். டீக்காரர் ஒருத்தர் மட்டும் தட்டுனாரு. கூட்டம் கலைஞ்சா ஏவாரம் ஆகும்னு அவருக்குச் சந்தோசம்.

மாரப்பன் சத்தமே போடலைங்க. "அப்ப இன்னிக்கும் நான் பொய் சொல்றேன்னு ஆச்சுங்களா, மச்சான்?"னான். அவ்வளவுதான். அவன் பொய் சொல்றான்னு ஆரு சொன்னது? அவன் சொன்னது நூத்துக்கு நூறு நெசம், எனக்குத் தெரியாதா? என் மீனு, என் கையில இருந்துச்சு. நெசம்தான், ஆனா செல்லாதுன்னு சொன்னேன். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை அந்த வெயில்ல நின்னு நான் எப்படிங்க அவனுக்கு வெளக்கறது?

துளசிமணி எனக்கு நாலடி முன்னால வந்து நின்னா. "அன்னிக்கு நீ கப்புக்கு ஆசைப்பட்டு என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டேன்னு நெனச்சேன்ணா. ஆசைதான, மனுசனுக்கு இருக்கறதுதான்னு மூணு வருசமா மனசைத் தேத்தி இன்னிக்கு வந்தேன். இப்பக் கப்பையே தூக்கிப் போட்டுட்டியே. போட்டுட்டும் அதையேதான சொல்றே"ன்னா.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லைங்க. அழுதிருந்தாக்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். திரும்பிப் போயி தட்டைப் பின்சீட்டுல வெச்சா. கார் போயிருச்சு. கப்பு ஒரு பேங்க்காரருக்குப் போச்சு. நாப்பத்தொண்ணு. அவருக்கே கூச்சமா இருந்துச்சு, கப்பைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாரு.

ஊட்டுக்கு வந்து சம்பூரணத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சட்டம், மைக்கு, நான் நீக்கிக்கிட்டது எல்லாம். கடைசியா, "அம்மிணி பரிசுத் தட்டைக்கூடக் குடுக்காம எடுத்துட்டுப் போயிட்டா"ன்னேன். சம்பூரணம் வெறகடுப்பை ஊதிட்டு இருந்தவ அப்படியே நிமிந்தா. "அது பரிசுத் தட்டா? மாமனுக்குப் பத்திரிகை வைக்கற தட்டுங்க அது. வாசல் மிதிக்க மாட்டேன்னு சொன்னவ, அணைக்கட்டு மேல வெச்சாவது குடுத்துரலாம்னு வந்திருக்கறா"ன்னா. அதுக்கப்புறம் அவ எங்கிட்ட மூணு நாளு பேசலை. நான் ஒருத்தன் நேர்மையா இருந்துட்டதுக்கு ஊட்டுல உப்பில்லாத சோறு.

பத்திரிகை வந்துச்சுங்க. தபால்ல வந்துச்சு.

தபால்ல அனுப்பறது தப்புன்னு நான் சொல்லலை. பம்பாயில இருக்கறவனுக்கு அனுப்பலாம். கூட வேலை செய்யறவனுக்கு அனுப்பலாம். பதினாறு கிலோமீட்டர்ல இருக்கற தாய்மாமனுக்கு, தபால்காரர் சைக்கிள் மணியடிச்சுக் குடுத்துட்டுப் போறாரு. உள்ள என் பேரு இருக்குதுங்க. 'தாய்மாமன்'னு போட்டு முழுப் பேரு. போட்டிக்கு முந்தியே அச்சடிச்சது. கோடு போட்டு அடிக்கலை, கிழிக்கலை. அடிச்சிருந்தாக்கூட ஒரு கோவம்னு எடுத்துக்கலாம். நான் மோட்டார் ரூமுக்குள்ள போயி, மோட்டாரைப் போட்டு உட்டுட்டு, சத்தம் வெளிய கேக்காம அழுதேனுங்க. இதை உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னு எனக்கே தெரியலை.

சம்பூரணம் ஒரே பேச்சாச் சொல்லிட்டா. "தபால்ல வந்த பத்திரிகைக்கு நான் வர மாட்டேன். நீங்க நேர்ல போயி அஞ்சு வார்த்தை சொல்லிட்டு, அந்தத் தட்டை வாங்கிட்டு வாங்க. 'அன்னிக்கு நீ சொன்னது நெசம் அம்மிணி.' எண்ணிக்குங்க, அஞ்சுதான்"னா. நான் காயில் கட்டறவன், எனக்கு எண்ணச் சொல்லிக் குடுக்கறா. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன். மூணோட நின்னுபோகுது, நாலாவது வார்த்தை வர்றதில்லை. உங்ககிட்ட இப்ப எவ்வளவு சுளுவா வந்துச்சு பார்த்தீங்களா? அன்னிக்கு நீ சொன்னது நெசம் அம்மிணி. நீங்க அம்மிணி இல்லை, அதுதான் வித்தியாசம்.

என்னுங்க கண்டக்டரே? ஆமாமா, எனக்குக் கருக்கம்பாளையத்துக்குத்தான், தங்கச்சி ஊருக்குத்தான் டிக்கெட்டு. தாண்டி ரெண்டு ஸ்டாப் ஆச்சுங்களா? அட, சொல்லக் கூடாதுங்களா? சொன்னீங்களா... ரெண்டு தடவை கூப்பிட்டீங்களா... சரி உடுங்க, கடைசி ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வந்துக்கறேன்.

அய்யய்ய, நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க? பேச்சுக் குடுத்தது நான்தான. தப்பு உங்க மேல இல்லைங்க. முந்தாநாள் ஒரு டீச்சரம்மா பக்கத்துல ஒக்காந்திருந்தாங்க, அன்னிக்கும் பேசிட்டே தாண்டிப்போச்சு. அதுக்கு முந்தி திங்கக்கெழமை வந்தப்ப பஸ்ஸே காலி, பேசறதுக்கு ஒரு ஆளு இல்லைங்க. அன்னிக்கும் தாண்டித்தான் போச்சு.